101 காய்ச்சல், கையில் அட்வான்ஸ்: விடிந்தால் வேலைக்குப் போகவா?

கேள்வி: மார்ச் 3, இரவு 9.40

நான் டைல்ஸ் பதிக்கிறவன், திருகோணமலை பாலையூற்று. நிலாவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் நாலு பாத்ரூம் கொந்தராத்து எடுத்திருக்கிறேன். இருபது நாள் காணும், சித்திரைக்கு முன் முடித்துத் தருவேன் என்று சொல்லி 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியாயிற்று. அதில் பாதி கடைக் கணக்குக்கும் வீட்டு வாடகைக்கும் போய்விட்டது. நேற்று மத்தியானம் தொடங்கிய காய்ச்சல் இப்போது 101. தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோவு. சம்பளத்துக்கு நிற்கிறவனுக்கு லீவு இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது? எழும்பி நிற்க முடிந்தால் போகத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அண்ணைமார் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: மார்ச் 3, இரவு 10.05

போகாதே. பனடோல் இரண்டைப் போட்டு, தண்ணி நிறையக் குடித்துவிட்டுப் படு. விடவில்லை என்றால் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போடு. மிச்சத்தை விடிய எழுதுகிறேன்.

மார்ச் 3, இரவு 10.30

திருத்தம். மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏசுகிறாள். நாலு மணித்தியாலத்துக்கு இரண்டு என்றால் ஒரு நாளைக்கு 12 ஆகிறது, ஈரல் என்னத்துக்கு ஆகும் என்கிறாள். சரிதான். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். 24 மணித்தியாலத்துக்குள் எட்டைத் தாண்டக் கூடாது. நீ மெலிந்த ஆள் என்றால் அந்த அளவும் கூட, டொக்டரிடம் கேட்டுப் போடு.

இன்னொன்று. கண்ணுக்குப் பின்னால் நோவு என்று எழுதியிருப்பதை இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் கவனித்தேன். பாமசியில் போய் மேல் நோவுக்கு ஏதாவது தாருங்கள் என்று மட்டும் கேட்காதே. டைக்லோபினாக், புரூஃபன், அஸ்பிரின் இதில் எதைத் தந்தாலும் வாங்காதே. டெங்குவாக இருந்தால் அந்தக் குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

மார்ச் 4, விடிய 5.30

எனக்கு வயரிங் வேலை. 19 வருடமாகச் சொந்தக் கொந்தராத்து; உவர்மலை, உப்புவெளி, சாம்பல்தீவு, அந்தப் பக்கம் குச்சவெளி வரைக்கும் என் ஏணி போயிருக்கிறது. நீ சொல்கிற கட்சியில் நானும் இருந்தவன்தான். 2017 மார்ச்சில் விலகினேன்.

கிண்ணியாவில் டெங்கு பரவிப் பள்ளிக்கூடங்களை மூடிய மாதம் அது. அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று கணக்கு வந்தது, பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது பேப்பரில் வருகிற செய்தி, அவ்வளவுதான். அலஸ்தோட்டத்தில் இரண்டு மாடிக் கெஸ்ட் ஹவுஸ் ஒன்று கையில் இருந்தது. உனக்குத் தெரியும், கச்சான் காற்றுக் காலத்தில்தான் எங்கள் கடல் படுத்துக் கிடக்கும், வெள்ளைக்காரர்களும் அப்போதுதான் வருவார்கள். ஏப்ரலுக்குள் அறைகளைத் திறக்காவிட்டால் முதலாளிக்கு அந்த சீசன் போச்சு. ஆகவே மார்ச் மாதம் மேசன், ஓடாவி, பெயின்ட், வயரிங் என்று எல்லோரும் ஒரே அறைக்குள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்போம்.

ஒரு பின்னேரம் காய்ச்சல் தொடங்கியது. அடுத்த நாள் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். டிபி பெட்டிக்குள், அதாவது வீட்டுக்குக் கரண்ட் பிரிந்து போகிற பெட்டிக்குள், வயர் அடுக்குகிற வேலை. ட்ரிப் சுவிட்ச் இரண்டு, கீழ்மாடிக்கு ஒன்று, மேல்மாடிக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி நியூட்ரல் பார், கரண்ட் திரும்பிப் போகிற நீல வயர்களை இறுக்குகிற கம்பி. நீல வயர்கள் எல்லாம் ஒரு கட்டாக வந்து இறங்கும். மேல் எது கீழ் எது என்று டேப் சுற்றி அடையாளம் வைப்பது என் பழக்கம். அன்றைக்கு டேப் சட்டைப் பையில்தான் இருந்தது, சுற்றவில்லை. பாரின் சின்னத் திருகாணி எனக்கு இரண்டாகத் தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்து, தட்டுப்பட்டது எதுவோ அதை இறுக்கினேன்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. மேல் குளிர்ந்திருந்தது. பத்திரகாளி அம்மனுக்கு ஒரு தேங்காய் என்று நேர்ந்துகொண்டு, பிளேன்ரீ குடித்துவிட்டு பைக்கை எடுத்தேன். பத்து மணியளவில் ஏணியில் ஐந்தாவது படியில் நிற்கும்போது கை காலெல்லாம் ஐஸ் மாதிரி, வயிற்றில் ஒரு பிடிப்பு, காதுக்குள் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம். கையுதவிக்கு வந்த பெடியன் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு "அண்ணா இறங்குங்கோ" என்று கத்தியது ஞாபகம். ஆட்டோவில் ஆஸ்பத்திரி. பிளேட்லட் 38,000. இருக்க வேண்டியது 150,000க்கு மேல்.

வார்டில் டொக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: காய்ச்சல் விடுகிற நேரம்தான் டெங்குவில் கண்காணிக்க வேண்டிய நேரம், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான், ஒரு நாளோ இரண்டு நாளோ நீடிக்கும். நான் சுகம் வந்துவிட்டது என்று தேங்காய்க்கு நேர்ந்த காலை அது.

இன்று உனக்கு மூன்றாம் நாள். எஃப்பிசி எடு, பிளேட்லட் எல்லாம் எண்ணிப் பார்க்கிற இரத்தச் சோதனை. பிறகு பேசலாம்.

மார்ச் 4, பகல் 1.15

உடம்பு நோவுக்குக் கன்னியாவில் போய்ச் சுடுதண்ணியில் குளிக்கச் சொன்ன நண்பருக்கு: ஏழு கிணற்றில் எந்தக் கிணறு 101 என்றும் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 4, இரவு 9.20

தம்பி எஃப்பிசிக்கு இரத்தம் கொடுத்துவிட்டானாம், வேலைக்குப் போகவில்லையாம். ஆனால் கேட்கிறான்: "சுகம் பெரிது என்று எல்லோரும் சொல்கிறீர்கள், ஒரு நாள் போனால் எனக்கு 4,000 போகிறது, கணக்கோடு பேசுங்கள்."

சரி, கணக்கோடு பேசுவோம். 2017இல் பெடியனின் சம்பளம் போக எனக்கு நாளொன்றுக்கு 2,500 விழும். காய்ச்சலோடு போன இரண்டு நாளில் உழைத்தது 5,000. போனது எவ்வளவு? ஆஸ்பத்திரியில் 5 நாள், வீட்டில் எழும்ப முடியாமல் 8 நாள், ஆக 13 நாள். 32,500. அதன் பிறகு மெயின் கொடுத்த அன்று மேல்மாடியில் ஒரு ஃபேனைப் போட்டால் டக்கென்று ட்ரிப் விழுகிறது. திரும்பப் போட்டால் திரும்ப விழுகிறது. மேல்மாடி நியூட்ரல் மூன்றைக் கீழ்மாடி பாரில் ஏற்றி வைத்திருக்கிறேன். போன கரண்ட் அதே வழியால் திரும்பி வராவிட்டால் அந்த சுவிட்ச் விழத்தான் செய்யும், அதன் பிறப்பே அதற்குத்தான். எது எது மாறியது என்று ஒவ்வொரு பொயின்ட்டாகக் கழற்றிப் பார்க்க இரண்டு நாள். அதில் என் 5,000, பெடியனுக்கு என் கையிலிருந்து 3,000. மொத்தம் 40,500.

5,000 உழைக்கப் போய் 40,500 கொடுத்தவன் சொல்கிறேன், போகாதே.

மார்ச் 5, விடிய 4.50

நித்திரை வரவில்லை. மேலே போட்ட கணக்கு பிழை.

இத்தனை வருடமாக இந்த 40,500ஐக் கல்யாண வீடு, செத்த வீடு என்று எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன், ஒருத்தரும் கேட்கவில்லை. டெங்கு நான் வேலைக்குப் போனதால் வந்ததா? அது ஏற்கெனவே மேலுக்குள் இருந்தது. வீட்டில் பாயில் படுத்திருந்தாலும் அந்த 13 நாள் போயேதான் இருக்கும். ஆகவே 32,500ஐ வெட்ட வேண்டும். போனதால் வந்த நட்டம் நியூட்ரல் மாறிய வேலைக்குப் போன 8,000 மட்டும். உழைத்த 5,000ஐக் கழித்தால் 3,000.

படுத்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது என்று ஒருவர் சொல்லலாம். இருக்கலாம். தண்ணியாவது ஒழுங்காகக் குடித்திருப்பேன். ஆனால் அதை ரூபாயில் எழுத எனக்குத் தெரியாது.

மார்ச் 6, இரவு 8.00

கணக்கில் இன்னும் ஒரு அடி.

கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்தாள் மனைவி. காய்ச்சல் தொடங்கியது 11ஆம் திகதி, ஆஸ்பத்திரியில் சேர்த்தது 15ஆம் திகதி. அப்படியானால் ஏணியில் நின்றது ஐந்தாம் நாள். நாலாம் நாள் நான் எங்கே? "வேலைக்குத்தான் போனீங்கள், மழைக்கோட்டை மறந்துவிட்டுப் போய் நனைந்து வந்தீங்கள்" என்கிறாள். எனக்கு அந்த நாளே இல்லை. மழை ஞாபகமில்லை, போனதும் வந்ததும் ஞாபகமில்லை.

பெடியனுக்கு போன் எடுத்தேன். அவன் இப்போது கட்டாரில். "டிபி கட்டினது அன்றைக்குத்தான் அண்ணா, நான் டேப் நீட்டினேன், நீங்கள் வேண்டாம் என்றீங்கள்" என்றான். திருகாணி இரண்டாகத் தெரிந்தது மட்டும் ஏன் ஞாபகத்தில் தங்கியது என்று தெரியவில்லை. 230 வோல்ட் வேலையில் ஒரு முழு நாள் என் கையை நானே பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

காசுக் கணக்குக்கு வந்தால், மூன்று நாள் உழைப்பு 7,500. நட்டம் 500. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். காசைக் காட்டி உன்னை மறிக்க எனக்கு வழியில்லை தம்பி, அந்த வாதத்தை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 7, பகல் 12.40

தம்பியின் ரிப்போட்: பிளேட்லட் 210,000. டெங்குக் கிருமியைத் தேடுகிற என்எஸ்1 சோதனை நெகட்டிவ். காய்ச்சல் 99க்கு இறங்கியிருக்கிறது, "இனிப் போகலாம்தானே" என்று கேட்கிறான்.

99 என்றால் குளிசை போட்ட எத்தனையாவது மணித்தியாலத்தில்? பனடோல் இறக்கின காய்ச்சலை விட்ட காய்ச்சல் என்று எண்ணாதே. குளிசை வேலை முடிந்த பிறகு அளந்து பார்க்க வேண்டும். என்எஸ்1 நெகட்டிவ் என்றதும் டெங்கு இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, மூன்றாம் நாள் எஃப்பிசி நல்லாயிருந்தாலும் அடுத்தடுத்த நாள் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். எடு. வயிற்று நோவு, விடாத சத்தி, முரசில் இரத்தம், கை கால் குளிர்வது, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாதது, இதில் ஒன்று வந்தாலும் எஃப்பிசிக்குக் காத்திராமல் நேரே ஆஸ்பத்திரி.

பப்பாசி இலைச் சாற்றைப் பற்றி நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். நான் குடித்தேன். கசந்தது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மார்ச் 9, இரவு 9.15

"தடிமன் என்றால் மற்றவனுக்குத் தொற்றும், டெங்கு ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது, ஆகவே டெங்கோடு வேலைக்குப் போகிறவன் கெடுப்பது தன்னை மட்டும்தான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் இத்தனை காலம் இப்படித்தான் நினைத்தேன், என் உடம்பு என் இஷ்டம் என்று. இன்று எனக்குத் தெரிந்த ஒரு பி.எச்.ஐ.யை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, கடையடியில் கண்டு கேட்டேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

காய்ச்சல் அடிக்கிற நாட்களில் நோயாளியின் இரத்தத்தில் கிருமி இருக்கும். அப்போது அவனைக் கடிக்கிற நுளம்பு எட்டுப் பத்து நாளில் கிருமியைக் கொடுக்கத் தயாராகிவிடும். பிறகு சாகும் வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்த நுளம்பு பகலில் கடிக்கிறது, விடியலிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. அதாவது நாங்கள் வேலை செய்கிற நேரத்தில்தான். காய்ச்சல்காரனைப் பகலிலும் நுளம்புவலைக்குள் படுக்கச் சொல்வது அவனுக்காக மாத்திரமில்லை என்றார்.

அலஸ்தோட்டத்து வளவை நினைத்துப் பார்க்கிறேன். சீமெந்து குழைக்கத் தண்ணி பிடித்து வைத்த நீலப் பரல்கள் மூன்று, ஒன்றுக்கும் மூடியில்லை. பெயின்ட் வாளிகள், வெட்டிய பைப் துண்டுகள், மேல்மாடி சிலாப்பில் நனைப்புக்குக் கட்டி விட்ட தண்ணி. நான் அங்கே மூன்று நாள் அரைக்கைச் சட்டையோடு காய்ச்சலில் நின்றேன். நான் வீட்டுக்கு வந்து கிடந்து எழும்பிய கிழமையில் அதே வளவில் மேசனாருக்கும் பெயின்ட் பெடியன் ஒருவனுக்கும் காய்ச்சல். அந்த மாதம் ஊர் முழுக்கக் காய்ச்சல், எந்த நுளம்பு யாரைக் கடித்தது என்று யார் சொல்வது? மேசனார் கிண்ணியா, அவருக்கு வீட்டிலேயே வந்திருக்கலாம். ஆனால் நாட்கள் பொருந்துகின்றன. இதுவரைக்கும் நான் இதை எண்ணிப் பார்க்கவில்லை, 500 ரூபாய்க் கணக்கில் இது எங்கேயும் இல்லை.

மார்ச் 10, காலை 6.10

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு ஒரு தங்கச்சி கேட்கிறார்: "அப்படியானால் காய்ச்சலோடு ஒருநாளும் போகக் கூடாதா?"

போனேன், ஒருக்கால். அதில் எனக்கு வருத்தமில்லை. திருக்கடலூரில் ஒரு வீடு, ஒக்சிஜன் மெஷினில் இருக்கிற வயோதிபர். இரவு ஏழு மணிக்கு வீடு முழுக்கக் கரண்ட் மங்குகிறது, ஏறுகிறது. அது மெயின் நியூட்ரல் கழன்றதன் குணம், விட்டால் மெஷின் எரிந்துவிடும். எனக்கு 100 காய்ச்சல், தடிமன். மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். என்னைக் கூட்டிக்கொண்டு போன ஆள் டோர்ச் பிடித்தார், கருகிய முனையை வெட்டிப் புதிதாக இறுக்கி, ஒவ்வொரு திருகாணியிலும் வயரை இழுத்துப் பார்க்கும்படி அவரிடமும் சொல்லிவிட்டு இருபது நிமிடத்தில் வந்துவிட்டேன். காசு வாங்கவில்லை, மீன் கொடுத்துவிட்டார்கள். நல்ல பாரை.

ஆகவே முதல் நாள் எழுதிய "போகாதே" கொஞ்சம் அவசரப் பேச்சு. இருபது நிமிடத்து வேலை வேறு, இருபது நாள் வேலை வேறு. இரண்டாம் கண் பக்கத்தில் இருப்பது வேறு, தனியே ஏணியில் நிற்பது வேறு.

மார்ச் 12, இரவு 10.00

தம்பியின் இரண்டாம் எஃப்பிசியும் நல்லதாம். வேறு ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இன்று வேலைக்குப் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறான்: "முதல் நாள் நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அட்வான்ஸ்?"

உண்மை, சுற்றிச் சுற்றி ஓடுகிறேன். நீ மார்ச் 3ஆம் திகதி இரவு கேட்ட கேள்விக்கு விடை மார்ச் 3இல் இல்லை. நிலாவெளி வளவில் நின்று நாலு பாத்ரூமையும் அளந்துவிட்டு "இருபது நாள் காணும்" என்று சொன்னாயே, அங்கே இருக்கிறது. இருபது நாளில் ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் மழை, ஒரு நாள் கடையில் டைல்ஸ் பெட்டி குறைவு, ஒரு நாள் செத்த வீடு, எதற்கும் நீ இடம் விடவில்லை. நானும் விட்டதில்லை. காய்ச்சல் வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் யோசித்தது முன்னமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒன்றைப் பற்றி. அதுவும் காய்ச்சல் தலையோடு.

2017க்குப் பிறகு நான் பத்து நாள் வேலைக்குப் பன்னிரண்டு சொல்கிறேன். இதனால் இரண்டு வீடு கைவிட்டுப் போனது, ஒன்று லிங்கநகர், மற்றது ஆறாம் கட்டையில் நல்ல பெரிய வேலை. வேறு ஒருவர் எட்டு நாள் என்று சொல்லி எடுத்துக்கொண்டார். எட்டு நாளில் முடித்தாரா என்று கேட்காதீர்கள், முடித்தார். எரிச்சலாக இருந்தது.

அட்வான்ஸை எடுத்த அன்றே கடைக்குக் கட்டுவது பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு முகமில்லை. நானும் அப்படித்தான். ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறேன், சாமான் காசு வேறு, கூலி வேறு என்று இரண்டு தரமாக வாங்குகிறேன். கூலியை வேலை நடக்க நடக்கக் கிழமைக்குக் கிழமை. அப்போது நான் போகாத நாளுக்கு நான் கடன்காரனில்லை, அந்த நாளின் காசு எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். விடிய ஐந்து மணிக்குப் படுக்கையில் கிடந்து யோசிக்கும்போது இந்த வித்தியாசம் பெரிது.

மார்ச் 12, இரவு 10.25

வீட்டுக்காரருக்கு போன் எடுத்துச் சொல்லவும் வேண்டும், அதை மறந்துவிட்டேன். முதல் நாளே. நான் 2017இல் முதலாளிக்குச் சொல்லவில்லை, வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று பயம். அவர் ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழமும் ஜீவனிப் பக்கெட்டும் கொண்டு வந்து, "முன்னமே சொல்லியிருந்தால் பெயின்ட்காரரை முதலில் விட்டிருப்பேனே" என்றார்.

மார்ச் 15, பகல் 2.30

"சொல்லிவிட்டால் யார் போய்ச் செய்வது" என்று கேட்பவர்களுக்கு.

எனக்குக் கிண்ணியாவில் ஒரு நானா இருக்கிறார், அதே வயரிங் தொழில். 2017இல் நான் வார்டில் கிடந்தபோது அவருடைய மச்சானுக்கும் அடுத்த கட்டிலில் டெங்கு. அப்படிப் பழக்கம். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: ஒருவர் விழுந்தால் மற்றவர் போய் நிற்பது. நாட்கூலி மட்டும் வாங்குவது. அந்த வீட்டுக்காரரிடம் தன் நம்பரைக் கொடுக்காமல் வருவது. கடைசி விஷயம்தான் முக்கியம், அதில் பிசகினால் ஏற்பாடு முறிந்துவிடும். இத்தனை வருடத்தில் அவர் எனக்காக ஏழு எட்டு நாள் நின்றிருப்பார், நான் அவருக்காக அதைவிடக் கூட. நோன்பு காலத்தில் அவர் கொஞ்சம் என்னை ஏய்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். இதை அவரும் வாசிப்பார்.

பாலம் இல்லாவிட்டால் இது நடக்காது. 2009இல் கிண்ணிப் பாலம் திறக்கும் வரைக்கும் பாதையில்தான் போய் வர வேண்டும். புதிய ஆட்களுக்குச் சொல்கிறேன், பாதை என்றால் றோட்டில்லை, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணியில் போகிற மிதவை. காத்து நின்று ஏறி, அக்கரையில் இறங்கி, ஒரு சுவிட்ச் மாற்றிவிட்டுத் திரும்ப நாளே முடிந்துவிடும். இப்போது ஏணியை பைக்கில் கட்டிக்கொண்டு 396 மீற்றரை ஒரே மூச்சில் கடந்துவிடுகிறோம். எங்கே தொடங்கி எங்கே வந்துவிட்டேன்.

மார்ச் 18, இரவு 8.45

அரசாங்கம் ஏதாவது தருமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக. கடையில், கந்தோரில் வேலை செய்கிறவனுக்குச் சட்டப்படி வருடத்துக்கு 7 நாள் சுகயீனம் போன்ற காரணங்களுக்கு லீவு உண்டு, சம்பளத்தோடு. முதலாளி ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃபுக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈடிஎஃபுக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். எங்களுக்கு முதலாளி நாங்களே. சுயதொழில்காரர் தாங்களாகவே ஈடிஎஃபில் சேரலாம். 1996இல் வந்த சட்டத்தின் கீழ் சமூகப் பாதுகாப்புச் சபை இருக்கிறது, அதில் ஓய்வூதியத்துக்குக் கட்டலாம். நான் கட்டுகிறேன். ஆனால் இவையெல்லாம் அறுபது வயதுக்குச் சேர்க்கிற காசு, வருகிற செவ்வாய்க்கிழமைக் காய்ச்சலுக்கு உதவாது. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பால்மா டின் இருக்கிறது. மூடியில் வெட்டு, உள்ளே கிழமைக்கு 500. மனைவியின் பொறுப்பில். நான் போன மாதம் அதிலிருந்து 2,000 எடுத்தேன், டிரில் பிட் வாங்க. அவளுக்குத் தெரியாது.

மார்ச் 18, இரவு 9.30

தெரியும்.

மார்ச் 29, பின்னேரம் 5.20

தம்பி நாலு பாத்ரூமும் முடித்துப் படம் அனுப்பியிருக்கிறான். ஐந்து நாள் பிந்தியது, வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து போனில் கொஞ்சம் சத்தம் போட்டாராம், பிறகு சரி. நல்ல வேலை, மூலை வெட்டெல்லாம் சுத்தம். மூன்றாவது பாத்ரூம் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். தண்ணி கிடங்குப் பக்கம் ஓடாமல் கதவுப் பக்கம் நிற்கிறது போல இருக்கிறது. கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு: "அது மார்ச் 2 மத்தியானம் பதித்தது அண்ணை, காய்ச்சல் தொடங்கின நேரம்."

கழற்றப் போகிறானாம், ஆறு டைல்ஸ்.

ஏப்ரல் 7, காலை 6.30

இன்று எனக்குத் தடிமன். காய்ச்சல் இல்லை, அளந்தேன், 98.4. மூக்கு ஒழுகுகிறது, இருமல். சாம்பல்தீவில் ஒரு வீட்டில் ஆறு பொயின்ட், ஏணி வேலையே இல்லை, எல்லாம் இடுப்பு உயரம். மேலே நான் எழுதிய எதன்படி பார்த்தாலும் போகலாம். கொத்தமல்லித் தண்ணி குடித்துவிட்டு ஏணியைக் கட்டாமல் பையை மட்டும் எடுத்தேன்.

படியில் இறங்கும்போதுதான் அந்த வீட்டில் எதற்கு அவசரமாக பிளக் பொயின்ட் கேட்டார்கள் என்று ஞாபகம் வந்தது. மகளைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். போன் எடுத்தேன். பிள்ளைக்கு இன்றைக்குப் பதினொரு நாள். எனக்குத் தடிமன் என்று சொன்னேன். அந்த அம்மா யோசிக்கவேயில்லை, "தம்பி திங்கட்கிழமை வாங்கோ" என்றார். நானாவை அனுப்பவா என்று கேட்டேன், அவருக்கு நேரமிருந்தால் நல்லது என்றார். நானாவுக்கு எடுத்தால் அவருக்கும் தடிமன்.

முற்றத்தில் இருந்து பழைய வயர்த் துண்டுகளை உரித்துக்கொண்டிருக்கிறேன். செம்புக்குப் பழைய இரும்புக்காரர் இப்போது நல்ல விலை கொடுக்கிறார். பால்மா டின்னுக்கு 2,000 திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.